கீரைக்கட்டுக்கு ஒரு விரல்கடை

ஏழு மாடிக் கட்டடம் ஒன்று கீரைக்கட்டுக்கு ஒரு விரல்கடை வீதம் பூமிக்குள் இறங்கியது என்றால் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கட்டடத்து ஜனங்கள் மட்டும் சிரிக்கவுமில்லை, வாயைப் பிளக்கவுமில்லை, ஏனென்றால் நகரத்து நடுவே கால்வாய்க் கரையில் அவர்கள் குடிசை போட்டிருந்த காலத்தில் மழைக்கு மழை வீடு சேற்றுக்குள் ஒரு முழம் போவதும், இவர்கள் கூரையைத் தூக்கிக் கட்டி, செங்கல் ஜல்லியைக் கொட்டித் தரையை உயர்த்தி, அதன் மேலேயே அடுப்பைப் பற்றவைத்து அடுத்த வேளைச் சோற்றை வடிப்பதும் பொங்கல் தீபாவளி மாதிரி வருஷா வருஷம் வந்துபோகிற காரியம். வீடென்றால் இறங்கும், இறங்கினால் நாம் ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கண்ட கட்டடக்கலை.

அப்பேர்ப்பட்டவர்களைத்தான் லாரி லாரியாக ஏற்றி, நகரம் முடிந்து, நகரத்தின் குப்பைமேடும் முடிந்து, நாணல் தொடங்குகிற சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் இறக்கிக் குலுக்கல் முறையில் வீடு கொடுத்தார்கள். தேசம்மாவுக்கு மட்டும் குலுக்காமலே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. அவள் புருஷன் கஜேந்திரன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவன். முட்டைகோஸ் மூட்டையோடு லாரிப் பலகையிலிருந்து சறுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே தன் உடம்பு என்கிற நினைப்பே அற்றுப்போய் வருஷக்கணக்கில் கட்டிலோடு கிடப்பவன். கால்வாய்க் கரையில் அவளுக்குப் பக்கத்துக் குடிசைக்காரியான விக்டோரியாவுக்கு விழுந்தது ஏழாவது மாடி. லிஃப்ட் இருந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்களை ஏற்றி இறக்கியதோடு தன் கடமை தீர்ந்தது என்று அது கதவைச் சாத்திக்கொண்டது. அன்று முதல் விக்டோரியா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள். ஏழாவது மாடிக்கு வைத்திருந்ததை இங்கே எழுத முடியாது.

தண்ணீர் லாரியில் வந்தது. ஆகையால் கால்வாய்க் கரையின் குடவரிசைச் சட்டமும் அவர்களோடு கூடவே வந்து சேர்ந்தது. வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் ஆளே நிற்கிற மாதிரி. வைத்தவள் வேலைக்குப் போகலாம், தூங்கலாம், பிள்ளை பெற்றுக்கொண்டு வரலாம், குடத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். அடுத்தவள் புருஷனோடு பேசினவளைக்கூட மன்னித்திருக்கிறார்கள். அடுத்தவள் குடத்தை நகர்த்தினவளை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

தண்ணீராவது வந்தது. காய்கறி வரவில்லை. நகரத்துச் சந்தைகளெல்லாம் பொறுக்கி, தள்ளுவண்டிகளெல்லாம் கழித்து, கையேந்தி பவன்காரனும் வேண்டாமென்று ஒதுக்கியது எதுவோ அது அங்கே இருந்த ஒரே கடைக்கு வந்தது. கத்திரிக்காய் பல் போன கிழவனின் கன்னம் மாதிரி இருக்கும். கீரை இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரன் எப்போதோ செத்துப்போன சொந்தக்காரரை விசாரித்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். பிள்ளைகள் பாக்கெட்டில் அடைத்த முறுக்கைத் தின்று வளர்ந்தன. கஜேந்திரனின் முதுகில் படுக்கைப்புண் குழிவிழுந்திருந்தது. மருந்து வைப்பது இருக்கட்டும், தினமும் கீரையும் பச்சைக் காய்கறியும் கொடுத்தால்தான் சதை கூடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தேசம்மா இரண்டு பஸ் மாறிப் போய் முருங்கைக்கீரை வாங்கி இரண்டு பஸ் மாறி வந்தாள்; வெயிலில் நெரிசலில் வீடு வந்து சேர்வதற்குள் அது பிழிந்த துணிபோல ஆகியிருக்கும்; அதையும் உருவி ஆக்கிப் போட்டாள்; புண் சதை கூடவில்லை, அவள் இளைத்தாள்.

அதனால் அவள்தான் முதலில் கடப்பாரையைத் தூக்கினாள். தங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே இடிபாட்டைக் கொட்டி நிரவியிருந்த இடத்தை அவள் கொத்துவதை மேலேயிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். விக்டோரியா அத்தனை மாடியையும் திட்டிக்கொண்டே இறங்கி வந்து, இறங்கினதுதான் இறங்கினேன் என்று நாள் பூராவும் கல் பொறுக்கினாள். பாத்தி கட்டினார்கள், அடுப்படிக் கழிவைப் புதைத்தார்கள், விதை தூவினார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. அந்த விதையைக் குருவிகூடக் கிளறவில்லை.

அப்போதுதான் தேசம்மாவுக்குப் பிடிமண் நினைவு வந்தது. குடிபெயர்கிறவர்கள் அம்மன் இருந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் குழிதோண்டிப் போட்டு, அதன் மேல் கல்லை நட்டுச் சாமியை உட்காரவைக்க வேண்டும். கல் ஏறி உட்கார்ந்தால்தான் மண்ணும் அடங்கி உட்காரும். கால்வாய்க் கரை அம்மனின் பிடிமண் மஞ்சள் துணி முடிச்சில் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு இடம் காட்டுகிறேன் என்ற அதிகாரிகள் காட்டவேயில்லை. சாமிக்கு ஆகாத மண் சாறுக்காவது ஆகட்டும் என்று அவள் அந்த முடிச்சை அவிழ்த்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோலப் பாத்திக்குப் பாத்தி ஒரு சிட்டிகை போட்டுக் கலந்தாள். மேலே கல் வைக்கவில்லை. செடிக்கு மேல் யார் கல்லை வைப்பார்கள்?

விடிந்தபோது அரைக்கீரை முழங்கால் உயரம் நின்றது. சிறுகீரையும் பருப்புக்கீரையும் புளிச்சகீரையும் நின்றன, கத்திரி காய்த்தது, வெண்டை காய்த்தது, பூசணிக்கொடி ஓடி லிஃப்ட் கதவை எட்டிப் பார்த்தது, முருங்கை ஒரே வாரத்தில் மூன்றாவது மாடிக்காரி ஜன்னலில் கைநீட்டிப் பறிக்கிற உயரத்துக்கு வந்தது. பறித்த இடத்தில் மறுநாளே துளிர்த்தது, பறிக்காவிட்டால் முற்றித் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. தின்று பார்த்தார்கள். நாக்கின் ஓரத்தில் கால்வாய்ச் சேற்றின் ஒரு துளி உப்பு தட்டியது, அவ்வளவுதான். எட்டு வரிசை வீட்டிலும் ஒரே நேரத்தில் கீரை கடைகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளின் வெளிறிய கண்ணிமைக்குள் ரத்தச் சிவப்பு ஏறியது. கஜேந்திரன் முதுகில் புண் விளிம்பு கட்டிச் சதை கூடத் தொடங்கியது.

இறங்கியதை முதலில் கவனித்தவளும் தேசம்மாதான், சந்தோஷப்பட்டவளும் அவள்தான். வாசலில் மூன்று படி இருந்தது. அந்த மூன்று படியால்தான் சக்கர நாற்காலி இருந்தும் கஜேந்திரன் வெளியே வந்ததில்லை. ஒரு படி காணாமற் போயிற்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒருநாள் காலை அவள் நாற்காலியைத் தள்ளினாள், அது வழுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போய் நின்றது. அவன் வெயிலில் உட்கார்ந்து வெண்டைக்காயின் நுனியைப் பட்டென்று ஒடித்து மோந்து பார்த்துவிட்டு, சந்தையில் இந்தச் சரக்கு வந்தால் சண்டை நடக்கும் என்றான். அந்த ஒரு காலை நேரத்துக்காக அவள் அந்தக் கட்டடத்துக்குக் கற்பூரம் காட்டத் தயாராக இருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவை பிள்ளைகள். ஒன்று செடியில் மிளகாயைக் கிள்ளும், ஒன்று சுவரில் காதை வைத்துக் கேட்கும். கிள்ளினால் சுவருக்குள் ஒரு முனகல் வந்தது. கீரைக்கட்டுக்கு ஒரு விரல்கடை, பூசணிக்காய்க்கு ஒரு சாண் என்று பெரியவர்கள் கணக்குத் தெரிந்துகொண்டபோது வாசற்படி மண்ணுக்குள் போய், ஜன்னல் கட்டை தரைக்குச் சமமாக வந்து, பாகற்கொடி கம்பி வழியாக உள்ளே நுழைந்து கஜேந்திரனின் தலைமாட்டில் காய்த்திருந்தது.

கூட்டம் போட்டார்கள். பறிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்று தேசம்மா கேட்டாள்.

"இன்னாடி பேசற நீ?" என்றாள் விக்டோரியா. "உன் வூடு எறங்குனாத்தான் என் வூடு தரைக்கு வரும். ஏறி எறங்கி முட்டி ரெண்டும் மாவாப் பூச்சு எனக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மாவும் சிரித்துத் தொலைத்தாள். அவள் அடுப்பிலும் அப்போது முருங்கைக்கீரைதான் வெந்துகொண்டிருந்தது.

நிறுத்தியும் பார்த்தார்கள். தோட்டம் முற்றித் தலை தொங்கி நின்றது. கடைக் கத்திரிக்காயைத் தின்னப் பிள்ளைகள் மறுத்தன. ஆளில்லாத சமயம் பார்த்து யாராவது ஒருவர் ஒரு பிடி கிள்ள, கட்டடமே முனகிக் காட்டிக்கொடுத்தது. எல்லாரும் எல்லாரையும் முறைத்தார்கள். ஒரு வாரத்தில் அந்த விரதம் முடிந்தது. புகார் போய் ஓர் அதிகாரி வந்தார். கட்டடத்தை அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணினார், எந்த மாடியும் குறையவில்லை, தரைத்தளம் என்று இங்கே ஒன்றும் காணோமே, பிறகு எது இறங்கியது என்று கேட்டார், கொடுத்த பையில் கத்திரிக்காயை நிரப்பிக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் கட்டடம் இன்னும் அரைச் சாண் இறங்கியது.

அதன்பிறகு அதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். தரைத்தளத்துக் குடும்பங்கள் சட்டி பெட்டியோடு மேல் மாடிக் காரிடார்களுக்கு ஏறின. ஏறியவர்களுக்கு இடம்விட்டு மற்றவர்கள் செருப்பையும் அண்டாவையும் ஒதுக்கிக்கொண்டார்கள். முதல் மாடிக்காரர்கள் ஜன்னல் கம்பியை அறுத்து வாசல் வைத்து, வாசலில் கோலமும் போட்டார்கள். தபால்காரருக்கு ஒரு மாடி தள்ளிச் சொல்லப் பழகினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் ஆளுக்கொரு குடம் வரிசையாக வைத்து இடம் பிடித்துக்கொண்டார்கள்; ஏழாவது மாடிக்கு அது எந்தக் காலத்தில் வரப்போகிறது என்று விக்டோரியா மட்டும் வைக்கவில்லை. தேசம்மா முந்திக்கொண்டு வரிசையின் முதல் இடத்தில் கஜேந்திரன் பெயருக்கு ஒரு குடம் வைத்தாள். அப்போது எல்லோருமே அது சரிதான், படுத்துக்கிடக்கிற மனுஷனுக்குத்தான் முதல் இடம் என்றார்கள். குடம் ஏறிவிட்டது. ஆள்தான் ஏறவில்லை.

பிள்ளைகளோடு வருகிறவளுக்குக் காரிடாரில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. மூத்திரப் பையும் மருந்து நாற்றமுமாகக் கட்டிலோடு வருகிற ஓர் ஆண்பிள்ளைக்கு எங்கே இடம் என்று கேட்டால் எல்லோரும் நல்ல முகமாகவே நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். தேசம்மா வீடு வீடாகக் கேட்டாள். கேட்டுக் கேட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் அவள் இறங்குகிற படிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. தரைத்தளம் முழுக்க மண்ணுக்கடியில் போய்விட்டது; அவனும் அவளும் பகலிலும் பல்பு போட்டுக்கொண்டு கிடந்தார்கள்; இடியாப்ப உரலில் மாவு பிதுங்குவதுபோல ஜன்னல் கம்பி வழியாகச் சேறு பிதுங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் வழித்து வழித்து வாளியில் மேலே கொண்டுபோய்க் கொட்டினாள். அந்தச் சேற்றிலும் செடி முளைத்தது.

சுவரைப் பொத்துக்கொண்டு ஒரு முள்ளங்கி அவன் முகத்துக்கு நேரே தொங்கியபோது கஜேந்திரன் சொன்னான்: "அப்பல்லாம் லோடு எப்ப வரும்னு லாரிக்குக் காத்துனு கெடப்பேன். இப்ப பாரு, லோடு தானா வூட்டுக்குள்ள வருது."

"அத்தத் தொடாதயா," என்றாள் அவள்.

கடைசியில் அவள் முதல் மாடிக் காரிடாரின் கோடியில் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொள்ள எல்லோரையும் சம்மதிக்கவைத்தாள். மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து அவனைப் போர்வையில் வைத்துத் தூக்கி வருவது என்றும், அதுவரை ஓர் இலையைக்கூட யாரும் கிள்ளுவதில்லை என்றும் பேச்சாயிற்று. எல்லோருக்கும் முன்னால் சரியென்று தலையாட்டினவள் விக்டோரியாதான்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவள் மருமகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் நகரத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் கடைக் கத்திரிக்காயைப் போட்டுச் சாம்பார் சாதம் வைக்க முடியுமா? சாமான் எல்லாம் சந்தையிலிருந்து வருகிறது என்று அவள் முதல்நாளே தேசம்மாவிடம் சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தேசம்மா பஞ்சும் களிம்பும் வாங்கப் புறப்பட்டாள். மேலே போனால் வெயில் வருமா என்று கஜேந்திரன் கேட்டான்.

"வரும்யா. காலை வெயிலு நேரா மூஞ்சில வுழும்."

"கொத்தமல்லி வாசனை?"

"அதும் வரும். சும்மா பட்த்துனு இரு, தோ வந்துட்றேன்."

அவள் திரும்பி வந்தபோது ஜன்னல் வாசலில் விக்டோரியாவே பட்டுப்புடவையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் ஜெபம் முடித்துவிட்டார், நேரம் போகிறது, கால்வாய்க் கரையில் என் மகனைத் தூக்கி வளர்த்தவள் நீ, நீதான் முதல் வளையல் போட வேண்டும் என்று இழுத்தாள். கஞ்சி குடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறான், ஒரு வளையல் போட எவ்வளவு நேரமாகிவிடும் என்று தேசம்மா ஏறினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளை நாலு பேர் நடுவில் உட்கார்த்திவைத்துச் சந்தனம் பூசினார்கள். அவள் மருமகளுக்கு வளையல் போட்டாள். அவள் கைக்கும் ஒரு டஜன் பச்சை வளையல் ஏற்றினார்கள். ஏழு வகைச் சாதம் வைத்த இலையின் முன் உட்கார்ந்து சாம்பார் சாதத்தில் ஒரு கத்திரிக்காயை எடுத்து வாயில் போட்டாள்.

நாக்கின் ஓரத்தில் ஒரு துளி உப்பு தட்டியது.

எழுந்தாள். விக்டோரியா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தேசம்மா எச்சில் கையோடு படிகளில் ஓடினாள். அவள் வளையல் சத்தம் மாடி மாடியாக இறங்குவதைப் பந்தியில் இருந்தவர்கள் கேட்டார்கள், முதல் மாடி வரைக்கும் கேட்டார்கள், அதற்குக் கீழே அது கேட்கவில்லை. அதற்குக் கீழே படி இல்லை. படி இருந்த இடத்தில் சேறு நிரம்பி, மேலே ஆடை படிந்து, அப்போதே இரண்டு கொத்தமல்லி துளிர்த்திருந்தது.

பத்துக் கத்திரிக்காய்தான் பறிக்க நினைத்தேன் என்று விக்டோரியா தரையில் விழுந்து அழுதாள். அவள் பறிப்பதைப் பார்த்து நாலாவது மாடிக்காரி பறித்தாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் பறித்தார்கள், பூசணியைக் கூடக் கொடியிலிருந்து அறுத்தார்கள். ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டினார்கள். அள்ள அள்ளச் சேறு ஊறியது. தீயணைப்பு வண்டி வந்து கயிறுவிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. பொழுது சாய்ந்ததும் தோண்டுவதை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மொட்டை மாடியில் அவன் குடத்துக்கு ஒரு முழம் பூ சுற்றினார்கள். வரிசையில் அதை இம்மியளவும் நகர்த்தவில்லை. முறை தவறாத ஜனங்கள்.

உடல் கிடைக்காததால் தேசம்மாவின் வளையலை உடைக்க யாருக்கும் வாய் வரவில்லை. பாதிக் கட்டடம் வெட்கத்தில் சில நாள் கீரையைத் தொடவில்லை. பிறகு ஒரு காலை கதவைத் திறந்தவர்கள், ஒவ்வொரு வாசலிலும் ஈரம் சொட்டுகிற ஒரு கீரைக்கட்டு இருப்பதைக் கண்டார்கள். அவளே பறித்து அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள். பெரிய மனசு அவளுக்கு என்று அழுதுகொண்டே ஆய்ந்தார்கள், அழுதுகொண்டே கடைந்தார்கள், தின்றார்கள்.

அதற்குப்பின் தோட்டம் முழுக்க அவள் கையில் வந்தது. அவளைப்போல விடியற்காலையில் எழுகிறவள் யார், அவளைப்போலப் பங்கு போடுகிறவள் யார். கேட்டவர்களுக்குக் கொடுத்தாள், கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள், நகரத்துக்குப் போகிறவர்கள் கையில் பூசணிக்காயைத் திணித்தாள், அண்டைக் கட்டடங்களுக்குக் கூடைகூடையாக அனுப்பினாள். விடியும்போது முதலில் வளையல் சத்தம் கேட்கும், பிறகு சுவர் முனகும், பிறகு கட்டடம் இறங்கும். முதல் மாடி போயிற்று, இரண்டாவது போயிற்று. போனவர்கள் மேலே ஏறினார்கள், இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், ஒவ்வொருவரும் தன் மாடிக்கு இன்னும் எத்தனை பூசணிக்காய் பாக்கி என்று பார்த்துக்கொண்டார்கள். பறித்துக்கொண்டிருக்கும்போது தேசம்மா சில சமயம் குனிந்த வாக்கில் மண்ணிடம் ஏதோ சொல்வாள். எல்லாரும் வந்துனே இருக்காங்கயா என்று சொன்னதாக ஒரு பிள்ளை கேட்டதுண்டு.

மழை முடிந்த ஒரு மாதத்தில் ஏழாவது மாடி தரைக்கு வந்தது. விக்டோரியா ஒரு படிகூட இறங்காமல், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலிலிருந்து நேரே தோட்டத்துக்குள் காலை வைத்தாள். வெறும் மண்ணில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு காலை வெயிலில் காய்ந்தாள். ஆயுசுக்கு இது போதும் என்று தோன்றியது. அவள் கேட்டது கிடைத்திருந்தது, சரியாக ஒன்பது நாளைக்கு.

பத்தாம் நாள் வாசற்படி மண்ணுக்குள் அமிழத் தொடங்கியது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். தேசம்மா குனிந்து அரைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள்.

"தேசம், போதும்டி. பச்சப்புள்ள இருக்கிற வூடுடி."

தேசம்மா நிமிர்ந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். கொழுகொழுவென்று இருந்தது, கீரைத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை.

"மேல கொடம் வெச்சிகிறியாக்கா?"

"எங்கடி வெக்கறது? எடமே இல்ல. எல்லாரும் ஏறிக்கினு கெடக்கறாங்க. அதுக்கும் மேல ஏது மாடி?"

"முன்னால எங்கூட்டுக்காரரு கொடம் இருக்கும். அத்த மட்டும் நவுத்திடாதீங்க."

அவள் பறித்த கீரையைச் சேர்த்து வாழைநாரால் கட்டி விக்டோரியாவின் கையில் கொடுத்தாள். வேர் மண் ஈரமாக இருந்தது. "புள்ளைக்குக் கடைஞ்சு ஊட்டு," என்றாள். "வூட்டத்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பிறகு அடுத்த பாத்திக்கு நகர்ந்து குனிந்தாள். வளையல் குலுங்கியது. விக்டோரியா கீரையைக் கீழே போடவுமில்லை, வீட்டுக்குள் போகவுமில்லை; பிள்ளையை இறுக்கிக்கொண்டு, தன் வாசல் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள்.